இரண்டு பேரலில் பதினொரு அதிகாரிகள்

ஜெயசித்ராவுக்கு வந்த கடிதத்தில் அவள் பெயர் சரியாக இருந்தது. கதவு எண்ணும் சரி. கோரைமேடு, கிருமாம்பாக்கம் அஞ்சல் என்பதும் சரி. பெயருக்கு அடியில் 'மீட்கப்பட்டவர்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள். அது ஒன்றுதான் தப்பு.

அனுப்பியவர்கள் பேரிடர் மீட்பு மற்றும் அனுபவப் பதிவு வாரியத்தார். சென்ற ஆண்டு வெள்ளத்தின்போது வாரியத்தின் உதவி இயக்குநர் திரு. அரிகரன் அவர்கள் தன் உயிரைத் துச்சமென மதித்து ஜெயசித்ராவை மீட்டது நாடறிந்ததாம். அந்த அனுபவத்தை அவள் தன் வாயாலேயே 'மீட்சியின் குரல்கள்' விழா மேடையில் சொல்ல வேண்டுமாம். அதற்கு முன் மூன்று நாள் கதைசொல்லல் பயிற்சி உண்டு. பயிற்சிக்கு வராதவர்கள் மீட்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.

அவள் புருஷன் ராமு கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தான். பிறகு மடித்துக் கொடுத்தான்.

"அந்த ஆளு உன்னக் காப்பாத்துனாராமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"உன்னப்பத்தி ஒண்ணும் போடல."

நடந்தது இதுதான். கோரைமேட்டில் இருபத்து மூன்று வீடுகள். கடலூர் சாலையிலிருந்து பிரிந்து, ஒரு கல்வெர்ட்டைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போனால் வரும். மேடு என்பது பெயரில் மட்டும்தான். அன்றைக்கு விடியற்காலை நாலரை மணிக்குக் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்தது. ஐந்து மணிக்குக் கட்டிலே மிதந்தது. ஜெயசித்ரா பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அங்கே கழித்துப் போட்ட இரண்டு நீல பேரல்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கக் கிடந்தன. அவற்றைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடியை இறுக்கி, ஓர் ஏணியின் இரண்டு பக்கமும் வைத்துத் துணி காயவைக்கும் கயிற்றால் கட்டினாள். ராமு முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ள, கழுத்தளவு தண்ணீரில் ஏழு மணி வரைக்கும் ஆட்களை ரோட்டு மேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பக்கத்து வீட்டு காசம்மாளை ஏற்றினார்கள். காசம்மாளின் இரண்டு ஆடுகளையும் ஏற்றினார்கள்.

கடைசி நடையின்போதுதான் கல்வெர்ட்டுக்கு அந்தாண்ட, வேலிக்காத்தான் முள்மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் அடையாள அட்டை. முகம் முழுக்க முள் கீறல்.

"யாரும்மா நீங்க?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"கோரைமேட்டுக்காரங்க சார்."

"கோரைமேட்டுல யாரும் இல்லையே. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லாரையும் வெளியேத்தியாச்சே."

"யாரு சார் வெளியேத்துனது?"

"நான்தான்."

அதற்குமேல் பேச நேரமில்லை. மரத்திலிருந்து பிய்த்து எடுத்து ஏணியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அழத் தொடங்கினார். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினார். ஊருக்கு வராமலே வெளியேற்றியதாக எழுதிவிட்டதும், காலி செய்யப்பட்ட தெருவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மேலிருந்து ஆணை வந்ததும், ஜீப்பை விட்டு இறங்கிக் கல்வெர்ட்டில் இரண்டடி வைத்ததும் தண்ணீர் இழுத்ததும் எல்லாம் வந்துவிட்டன. கடைசிவரை ஜெயசித்ராவின் கையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை.

ரோட்டில் நின்ற ஜீப் டிரைவர் அந்தக் காட்சியை போனில் படம் எடுத்தார். படத்தில் அரிகரன் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீருக்கு மேலே ஒரு பெண்ணின் தலை மட்டும் தெரிகிறது. அவர் அவள் கையைப் பற்றியிருக்கிறார். ராமு சட்டகத்துக்கு வெளியே போய்விட்டான். மறுநாள் பத்திரிகை பார்த்தவர்களுக்கு யார் யாரைக் காப்பாற்றினார் என்பதில் சந்தேகமே வரவில்லை.

படத்தோடு போயிருந்தால் ஜெயசித்ரா அதை ஒரு சிரிப்பாக எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் தண்ணீர் வடிந்தபோது கோரைமேட்டில் பத்தொன்பது வீட்டுச் சுவர் கரைந்திருந்தது. வீடு கட்டித் தரும் பட்டியல் வந்தபோது அதில் கோரைமேடே இல்லை. வாரியத்து ஜன்னலில் போய்க் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். முந்தின நாளே வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் முன்னேற்பாட்டுடன் இருந்தவை ஆகையால், அவற்றுக்குச் சேதம் ஏற்பட வாய்ப்பில்லை. காசம்மாள் பத்து மாதமாக மாதா கோயில் கொட்டகையில் ஆடுகளோடு படுத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாடி," என்றாள் அவள் கடிதத்தைக் கேட்டுவிட்டு. "அந்த ஆள நேர்ல பாத்தா நம்ம வூட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கலாம். நம்மளத் தெரியாதுன்னா சொல்லிடுவாரு?"

தெரியாது என்று அவர் சொல்லவில்லை. வில்லியனூரில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது வாரியம். படி ஏறியதும் எதிர்ச் சுவரில் அந்தப் படம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே அரிகரன் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வாங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு? அன்னிக்கு ரொம்பத்தான் பயந்துட்டீங்க."

ஜெயசித்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் கண் ஓரிடத்தில் நிற்காது. இவர் கண் நின்றது, லேசாக ஈரமாகவும் இருந்தது. இந்தப் பத்து மாதத்தில் நாற்பது கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லியிருந்தார்.

"சார், எங்க வூட்டுப் பட்டியலு விஷயமா..."

"விழா முடியட்டும்மா. நீங்க நல்லா சொன்னீங்கன்னா கனிவோட பாக்கலாம்."

பயிற்சி சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. நடத்தியவர் அன்புராஜ், கதைசொல்லல் ஆலோசகர். கதர் ஜிப்பா, கழுத்தில் ஒரு மணிமாலை. அவர் இதுவரை எந்த வெள்ளத்தையும் பார்த்ததில்லை. அது தன்னுடைய பலம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

"அனுபவங்கறது கச்சாப்பொருள். அது உங்ககிட்ட இருக்கு. அதுக்கு நன்றி. ஆனா கதைங்கறது பார்வைக் கோணம். அது எங்ககிட்ட இருக்கு."

பலகையில் ஓர் ஏணி வரைந்தார். மேல்படியில் 'மீட்பவர்' என்றும் கீழ்ப்படியில் 'மீட்கப்பட்டவர்' என்றும் எழுதினார். மீட்கப்பட்டவரின் பார்வை எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். இது மனதில் பதிவதற்காகப் பயிற்சிக்கு வந்த பதினேழு பேரையும் தரையில் உட்கார வைத்து, தான் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் சொன்னவர் அபிஷேகப்பாக்கத்து தனக்கொடி. கரும்பும் நெல்லும் போடுகிறவர். முழங்கால் வலியில் கால் மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு காலையில நாலு மணிக்கு எழுந்தேங்க. மாடு கத்துன சத்தம் கேட்டு..."

"நிறுத்துங்க," என்றார் அன்புராஜ். "நீங்க எழுந்திருக்கக் கூடாது."

"ஏங்க?"

"மீட்கப்பட்டவங்க தூங்கிட்டு இருக்கணும். எழுப்பறது வாரியம். நீங்களே எழுந்துட்டா வாரியத்துக்கு அந்த இடத்துல என்ன வேலை?"

"நான் தூங்கிட்டிருந்தா என் மாட்ட யாருங்க அவுத்து வுட்டது?"

"அது மாட்டோட பார்வை. அதை அடுத்த ஆண்டு எடுத்துக்கலாம்."

தனக்கொடி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறப் போய்விட்டார். அவர் பெயர் மீட்கப்பட்டோர் பட்டியலிலிருந்து அன்றே நீக்கப்பட்டது. அவருக்குச் செங்கல்லில் கட்டிய மெத்தை வீடு இருந்தது. ஜெயசித்ரா உட்கார்ந்தே இருந்தாள்.

அவள் முறை வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேரல், ஏணி, கயிறு, காசம்மாள், ஆடு, முள்மரம் எல்லாம் வந்தது. வாரியத்தின் எழுத்தர் மஞ்சுளா குறிப்பெடுத்துக்கொண்டே வாயைப் பிளந்து கேட்டாள். அன்புராஜ்கூட மேசையிலிருந்து காலைத் தொங்கப்போட்டுவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை முழுக்க நீங்களே நிக்கறீங்க. கொஞ்சம் ஒதுங்கினாத்தானே மத்தவங்க தெரிவாங்க? மஞ்சுளா, 'நான்' எத்தனை?"

மஞ்சுளா எண்ணிப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு சார்."

அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை வந்தது. விழாவில் பயனாளிகள் 'நான்' என்ற சொல்லை மூன்று தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அதில் ஒன்று வணக்கம் சொல்லிப் பெயர் சொல்லும் இடத்துக்கு ஒதுக்கப்பட்டது.

இரண்டாம் நாள் அவளுக்குத் தட்டச்சு செய்த கதை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அரிகரன் மட்டும் பேரலில் இருந்தார். மதியத்துக்குள் கோப்பு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு வந்தது. ஜீப்புக்கு டீசல் அனுமதித்த கணக்கு அலுவலர், டீசல் இல்லாமல் மீட்பு இல்லை, ஆகவே தானும் அதில் இருந்ததாகவே பொருள் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்த கண்காணிப்பாளர், கணக்கு அலுவலர் இருக்கும்போது தான் இல்லாவிட்டால் பதவி வரிசை கெடும் என்று எழுதினார். சாயங்காலம் கதை கைக்கு வந்தபோது பேரலில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் சிவப்பிரகாசம் அன்றைக்கு ஒரு கருத்தரங்குக்காக டெல்லியில் இருந்தவர். அவர் நடுவில் இருந்தார்.

"ரெண்டு பேரல்ல பதினோரு பேரா சார்?" என்று கேட்டாள் ஜெயசித்ரா. "நானும் ஏறணுமே?"

கண்காணிப்பாளர் யோசித்தார். "நீங்க நீந்தி வரலாம்."

"நானே நீந்தி வந்தா அது எப்படி சார் காப்பாத்துனது ஆவும்?"

"பக்கத்துலயே நாங்க வருவோம்ல?"

மூன்றாம் நாள் இயக்குநரே வந்து உரையாற்றினார். வெள்ளை அரைக்கை சட்டை, மடிப்புக் கலையாதது.

"இங்க வந்திருக்கறவங்க பல பேரு, 'நாங்கதானே தண்ணியில இருந்தோம், எங்களுக்குத்தானே தெரியும்'னு நினைக்கறீங்க. அது இயல்பு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனா தண்ணியில இருக்கறவனுக்கு என்ன தெரியும்? அவன் கழுத்து வரைக்கும் தெரியும். அவன் பாக்கறது தண்ணி. வெள்ளத்தைப் பாக்கறதுக்கு உயரம் வேணும். நான் அன்னிக்கு டெல்லியில பன்னெண்டாவது மாடியில இருந்தேன். எனக்கு வந்த அறிக்கை நாற்பத்தாறு. அத்தனையையும் படிச்சேன். ஒரு அறிக்கையிலகூட ஒரு உயிர் போகல, ஒரு சுவரு விழல. அந்த நிம்மதியை நீங்க யாரும் அனுபவிக்கல. அதனாலதான் உங்க கதையில பயம் இருக்கு. நம்பிக்கை இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டும் இடங்கள் நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்டிருந்தன.

ஜெயசித்ரா அந்த நேரத்தில் தன் கதையின் முதல் வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். 'முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே நாங்கள் அனைவரும் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டோம்.' உரை முடிந்ததும் அதை அரிகரனிடம் எடுத்துப் போனாள்.

"சார், ஆறு மணிக்கே வெளியேத்திட்டீங்கன்னா, காலையில தண்ணியில இருந்து எப்படி சார் என்னக் காப்பாத்துனீங்க?"

அரிகரன் பொறுமையாக விளக்கினார். "அது ஒரு சாதனை, இது ஒரு சாதனை. ரெண்டுல எதையும்மா விடறது?" பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். "செல்போன் சார்ஜரை எடுக்க நீங்க மட்டும் திரும்பி வந்தீங்க. வரக் கூடாதுன்னு நான் எச்சரிச்சேன். நீங்க கேக்கல. அதுக்கு மேடையிலயே ஒரு மன்னிப்பு கேட்டுருங்க. உருக்கமா இருக்கும்."

அன்று கோரைமேட்டுக்குத் திரும்பியபோது காசம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயசித்ரா கதையைப் படித்துக் காட்டினாள். காசம்மாள் தழையைக் கீழே வைத்தாள்.

"நீயே உன் வாயால ஆறு மணிக்கு வெளியேத்துனாங்கன்னு சொல்லிட்டு வந்தீன்னா, அப்புறம் எந்த ஜென்மத்துலடி நம்ம பேரு பட்டியல்ல ஏறும்?"

"ஏறாது யக்கா."

"சொல்லலன்னா?"

"மேடையில ஏத்தமாட்டாங்க. ஒத்துழைக்கலன்னு எழுதிடுவாங்க. அப்பவும் ஏறாது."

"இன்னாதான் சொல்லப் போற?"

ஜெயசித்ரா கதையை மடித்து வைத்தாள். ராமு கரைந்த சுவரில் சாக்கு கட்டிக்கொண்டே, போகாமல் இருந்துவிடு என்றான். அவள் அதையும் யோசித்தாள். அப்படி யோசித்தபடிதான் மறுநாள் ஒத்திகைக்குப் போனாள்.

ஒத்திகையில் அன்புராஜ் கடைசிப் பாடம் ஒன்று வைத்திருந்தார். விழாவுக்கு மத்திய அரசிலிருந்து ஒரு மதிப்பீட்டு அலுவலர் வருகிறார், அவர் முன்னால் கொஞ்சம் கலை காட்ட வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம்.

"கதையில உயர்ந்த நிலை எது தெரியுமா? தன்னை மறக்கறது. எதிர்ல இருக்கறவரா மாறி, அவர் மனசுக்குள்ள போயி, அவரோட 'நான்'ல நின்னு சொல்றது. அதைச் செய்ய உங்கள்ல யாராலயும் முடியாது. இருந்தாலும் சொல்லி வைக்கறேன்."

ஜெயசித்ரா நிமிர்ந்தாள்.

"நான் அரிகரன் சாரா மாறி, அவரோட 'நான்'லயே சொல்லட்டுமா சார்?"

அன்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் பயிற்சியில் ஓர் ஏழைப் பெண் இந்த உயரத்துக்கு வந்ததை அவர் இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். இயக்குநர் அரிகரனிடம் சொன்னார். அரிகரன் வெட்கத்தோடு சம்மதித்தார்; தன் கதைதானே, எழுதிக் காட்ட வேண்டாம் என்றார். 'நான்' மூன்றுதான் என்ற விதி குறுக்கே வந்தது. அது பயனாளியின் 'நான்' பற்றியது, அதிகாரியின் 'நான்' எத்தனை தடவை வந்தாலும் தகும் என்று கண்காணிப்பாளர் தெளிவுபடுத்தினார். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது வரி இப்படி அச்சானது: 'உதவி இயக்குநர் திரு. அரிகரன் அவர்களின் அனுபவம்.' ஜெயசித்ராவின் பெயருக்கு இடமில்லை.

விழாவன்று மதிப்பீட்டு அலுவலர் வெண்ணிலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆறு வரவேற்புரை கேட்ட களைப்பில் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏழாவதாக ஜெயசித்ரா மைக் முன்னால் வந்து நின்றாள். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம். நான் அரிகரன். உதவி இயக்குநர்."

கைதட்டல். அரிகரன் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"முந்தின நாளு சாயங்காலம் ஆறு மணி. மழை கொட்டுது. கோரைமேட்டு ஜனங்கள வெளியேத்தச் சொல்லி எனக்கு உத்தரவு வந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

மறுபடி கைதட்டல்.

"இந்த மழையில, அந்தச் சேத்துல, நான் போய் எறங்கணுமான்னு மனசு கேக்கல. அதனால ஆபீஸ்லயே உக்காந்து, இருபத்து மூணு குடும்பத்தையும் வெளியேத்தியாச்சுன்னு எழுதிக் கையெழுத்து போட்டேன். போட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. அந்த ஜனங்க பத்திரமா இருக்காங்கன்னு நானே நம்பிட்டேன். நல்லா தூங்குனேன்."

நிகழ்ச்சி நிரலில் இந்த நிமிடத்துக்குக் கைதட்டல் என்று போட்டிருந்ததால் பின்வரிசையில் இரண்டு பேர் தட்டினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். வெண்ணிலா பேனாவைத் திறந்தார்.

"காலையில மேலேருந்து போன். காலித் தெருவை போட்டோ எடுத்து அனுப்புன்னாங்க. காலியாத்தான் இருக்கும், நான்தானே காலி பண்ணேன்னு கௌம்பிப் போனேன். கல்வெர்ட்டுல ரெண்டடி வெச்சேன். தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒரு முள்ளு மரத்தக் கட்டிப் புடிச்சேன். முள்ளு குத்துது, வுட்டா உயிரு போவுது. அப்ப ஒரு பொம்பளையும் ஆம்பளையும் ரெண்டு பேரலைக் கட்டித் தள்ளிக்கிட்டு வராங்க. எனக்குச் சந்தோஷம் வரல. எனக்குக் கோவம் வந்துச்சு. நான் வெளியேத்துன ஜனங்க எப்படி உள்ளே இருக்கலாம்? அவங்க இருந்தா என் அறிக்கை பொய்யாயிடுமே. ஆனா அவங்க இல்லன்னா நான் செத்துடுவேன். அந்த ஒரு நிமிஷம், எது வேணும்னு எனக்கே தெரியல."

அரிகரன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏறிக்கிட்டேன். ஏறுனதும் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அந்த ஜனங்களுக்குப் பத்தொன்பது வூடு விழுந்துச்சு. இன்னைக்கி வரைக்கும் நான் போய்ப் பாக்கல. ஏன்னா, போய்ப் பாத்தா அங்க ஜனங்க இருப்பாங்க. நன்றி, வணக்கம்."

அன்புராஜ் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். கலை கலைதான் என்று அவர் நினைத்தார். அவரை இருவர் உட்கார வைத்தார்கள்.

விழா நிகழ்ச்சிக் குறிப்பை எழுதியவள் மஞ்சுளா. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது வாரியத்து விதி. ஏழாவது இனத்துக்கு நேரே, அச்சிட்ட நிரலில் இருந்தபடி, திரு. அரிகரன் அவர்கள் 'நான் ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்' என்று தெரிவித்தார் என எழுதினாள். இயக்குநர் வழக்கம்போல் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தார். பத்தாம் நாள் மத்திய அலுவலகத்திலிருந்து அரிகரனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பொது மேடையில் தாங்கள் இவ்வாறு கூறியது ஏன்?

அது நான் கூறியதல்ல, ஜெயசித்ரா என்ற பயனாளி கூறியது என்று அவர் பதில் எழுதினார். அந்தப் பதில் வெண்ணிலாவின் மேசைக்குப் போனது. அவர் இரண்டே வரி எழுதினார். கல்வெர்ட்டில் அன்று காலை நடந்தது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே இருந்தார் என்றால், கோரைமேடு வெளியேற்றப்படவில்லை.

அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. வாரியத்து ஜீப்பில் வராமல் பஸ்ஸில் வந்து இறங்கி, கல்வெர்ட்டைத் தாண்டி நடந்தே வந்தார்கள். காசம்மாளின் சுவர் இருந்த இடத்தில் நின்று அளந்தார்கள். பத்தொன்பது வீடும் பட்டியலில் ஏறியது.

வாரியம் சும்மா இருக்கவில்லை. மறுக்க முடியாத கதையை விட்டுக்கொடுக்க முடியாது அல்லவா? ஆண்டு மலரில் அது முதல் பக்கத்தில் வெளியானது. தலைப்பு: 'மனம் திறந்த ஓர் அதிகாரி.' துறைகளுக்கிடையே வெளிப்படைத்தன்மைக்காக வழங்கப்படும் கேடயம் அரிகரனுக்குக் கிடைத்தது. தன் குறையைத் தானே மேடையேற்றிய துணிவைப் பாராட்டி இயக்குநர் ஒரு முன்னுரை எழுதினார். கூடவே அரிகரனை இணை இயக்குநராகவும் உயர்த்தினார்கள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோரைமேட்டில் கடைக்கால் போட்டு, சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. ராமு சிமெண்ட் கலந்துகொண்டிருந்தான். ஜெயசித்ரா கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒரு கார் நின்றது. அரிகரன் இறங்கி, இரண்டு வீட்டில் விசாரித்து, தப்பான சந்துக்குள் போய்த் திரும்பி, ஒருவழியாக வந்து சேர்ந்தார். கையில் ஒரு நோட்டு.

ராமு மண்வெட்டியை ஊன்றி நின்றான். ஜெயசித்ரா முந்தானையில் கையைத் துடைத்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"வாங்க சார்," என்று ஒரு சிமெண்ட் கல்லை நகர்த்திப் போட்டாள்.

அவர் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார்.

"டெல்லியில பேசக் கூப்பிட்டிருக்காங்கம்மா. முந்நூறு அதிகாரிங்க வராங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு என் அனுபவத்தைச் சொல்லணுமாம்."

"சொல்லுங்க சார்."

"அதான் வரமாட்டேங்குது." அவர் குரல் இறங்கியது. "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். கண்ண மூடினா நான் உங்களத் தூக்கி ஏத்தறதுதான் வருது. அந்த மரம், முள்ளு, அதெல்லாம் எனக்கு வரவே மாட்டேங்குது. ஆண்டு மலர்ல படிச்சேன். யாருக்கோ நடந்தாப்ல இருக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் மறுபடி சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

ஜெயசித்ரா ராமுவைப் பார்த்தாள். ராமு திரும்பிக் கலவையைப் புரட்டத் தொடங்கினான்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் குனிந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் எழுதுவதுபோல் எழுதினார். நடுநடுவே தலையைத் தூக்கி, மரம் ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, சட்டை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டார். பேரலில் ஏறிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு?"

"அழுதீங்க சார்."

அவர் 'கண் கலங்கினேன்' என்று எழுதினார். ஜெயசித்ரா எட்டிப் பார்த்தாள்.

"கலங்கல சார். அழுதீங்க. ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

அரிகரன் எழுதியதை அடித்தார். அதன் மேலே 'அழுதேன்' என்று திருத்தினார். பிறகு பேனாவை நோட்டில் வைத்தபடியே, அடுத்து தனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.